அல்லாத சுருட்டு

ஆங்கிலத்துக்கு நாம் கடன் கொடுத்து, இன்னும் திரும்பி வராத சொற்கள் சில உண்டு. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகிவிட்டது. மிளகுத்தண்ணி 'முல்லிகடானி' என்ற பெயரில் நட்சத்திர ஹோட்டலில் சூப்பாக வருகிறது. மூன்றாவது, சுருட்டு. போர்ச்சுகீசியர் வாயில் நுழைந்து, வெள்ளைக்காரன் வாயில் 'ஷெரூட்' என்று வெளியே வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ல் தன் முதல் கதையிலேயே தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். கறுத்து, செதில் செதிலாக உதிர்கிற சாம்பல் அதற்கு மட்டும்தான் உண்டாம்.

இப்படி வார்த்தையையே கொடுத்த நமக்கு இன்று தெரிந்த சுருட்டு இரண்டே வகை. ஒன்று, கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படைப்பது. இன்னொன்று, சினிமாவில் வில்லன் சோபாவில் சாய்ந்து பிடிக்கும் 'க்யூபா சிகார்'. நடுவில் ஒரு பெரிய உலகம் இருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் வேடிக்கை. 'நான்-க்யூபன்'. அதாவது, க்யூபா அல்லாதது. நிகராகுவா, டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், மெக்ஸிகோ எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே இந்த லேபிளை ஒட்டிவிட்டார்கள். ஒரு மனிதரை 'இவர் கலெக்டரின் மகன் அல்லாதவர்' என்று சபையில் அறிமுகப்படுத்துவது போல.

அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எனக்கு நான்கு சுருட்டுகள் கொடுத்தார். கொடுக்கும்போதே குரலை இறக்கி, "க்யூபா இல்ல சார், நிகராகுவாதான். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். அந்தத் 'தான்' சரியா என்று விசாரிப்பதுதான் இந்த வாரத்து வேலை.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சட்டத்துக்காக அல்ல, மனசார. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். "நான்தான் புகையை உள்ளே இழுக்கிறதில்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடும். வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றுக்கும் புற்றுநோய் அபாயம் உண்டு. பிடிக்காதவர் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர் ஜாங்கிரி பற்றிப் படிப்பது போலப் படியுங்கள். சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வாயில் வைக்க வேண்டியதில்லை.

இனி மேட்டர்.

சுருட்டின் பெயர் பத்ரோன் 1964 ஆனிவர்சரி. அதில் 'எக்ஸ்க்ளூசிவோ' என்ற அளவு. நீளம் ஐந்தரை அங்குலம், பருமன் 50. சுருட்டுக்காரர்கள் பருமனை ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்காகக் கணக்கிடுகிறார்கள். 50 என்றால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. உருண்டையாக இல்லாமல், பெட்டியில் வைத்து அழுத்தி, நாலு பக்கமும் லேசாகத் தட்டையாக இருக்கும். இதில் இரண்டு ரகம். 'நேச்சுரல்' என்று வெளிர்பழுப்பில் ஒன்று. 'மதுரோ' என்று கிட்டத்தட்ட கறுப்பில் ஒன்று. நண்பர் கொடுத்தது ஒவ்வொன்றிலும் இரண்டு. சோதனைக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. இரண்டுக்கும் உள்ளே இருப்பது நிகராகுவா இலைதான். வேறுபாடு மேலே சுற்றியிருக்கும் ஒரே ஓர் இலையில். அந்த ஓர் இலை என்ன செய்கிறது என்று நாக்கு சொல்லிவிடும்.

மதுரோவுக்கும் மதுரைக்கும் சம்பந்தமில்லை. ஸ்பானிஷில் 'பழுத்தது' என்று அர்த்தம். கறுப்புச் சுருட்டைப் பார்த்ததும் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது: "ஐயோ, காரம் தூக்கிடும்." இது தவறான நம்பிக்கை. ஏன் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நிரப்புகிற இலைகள், அவற்றைச் சேர்த்துக் கட்டும் ஓர் இலை, வெளியே அழகாகச் சுற்றும் மேலிலை. சுருட்டின் 'கிக்' பெரும்பாலும் உள்ளே நிரப்பும் இலையில் இருக்கிறது. புகையிலைச் செடியின் அடி இலை சாது, நன்றாக எரியும். நடு இலை வாசனைக்கு. உச்சியில் வெயிலை நேராக வாங்கும் இலைதான் முரடு. ஸ்பானிஷில் 'லிகேரோ' என்பார்கள். அந்த வார்த்தைக்கு 'லேசானது' என்று அர்த்தம்! யார் இப்படிக் குறும்பாகப் பெயர் வைத்தார்களோ. இந்த உச்சி இலையை எவ்வளவு சேர்த்தார்கள் என்பதுதான் உங்கள் தலை சுற்றுமா சுற்றாதா என்பதைத் தீர்மானிக்கிறது. மேல்சட்டையின் நிறம் அல்ல.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வருகிறது? பக்குவத்திலிருந்து. காய்ந்த இலைகளை வெங்காயப் பட்டறை போல ஆள் உயரத்துக்கு அடுக்கிவைப்பார்கள். வைக்கோல்போர் உள்ளுக்குள் தானாகச் சூடாகிறதல்லவா, அதே கதைதான். அடுக்கின் நடுவே சூடு ஏறும். அம்மோனியா கிளம்பி மூக்கைத் துளைக்கும். குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து மறுபடி அடுக்குவார்கள். மற்ற மேலிலைகளைவிட மதுரோவுக்கு இந்தச் சூடும் நாளும் அதிகம். அதைத் தாங்க இலை தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய இலை கிழிந்துவிடும். இப்படி வெந்து வெந்து, பச்சை வாடையும் கடுப்பும் போய், இலை கறுக்கிறது. வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்க வதக்க நிறம் ஏறி, காரம் போய், இனிப்பு வருமே, கிட்டத்தட்ட அப்படி. ஆகவே, கறுப்பு என்பது கோபத்தின் நிறம் அல்ல, பொறுமையின் நிறம்.

பொறுமை இல்லாதவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. ஆவியில் அவித்து அவசரமாகக் கறுக்கவைப்பது, சாயம் பூசுவது எல்லாம் நடக்கிறது. கத்திரிக்காயில் எண்ணெய் தடவி விற்பதில்லையா? நனைத்த வெள்ளைத் துணியால் மேலிலையை லேசாகத் துடைத்துப் பாருங்கள். கொஞ்சம் பழுப்பு ஒட்டினால் சகஜம். துணி தார் ரோட்டில் விழுந்தது போல ஆனால், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

முதல் மாலை நேச்சுரல், மறுநாள் மாலை மதுரோ. அடுத்த இரண்டு மாலைகளில் வரிசையை மாற்றினேன். ஒரே நாளில் இரண்டு கூடாது. முதல் சுருட்டோடு நாக்கு மரத்துவிடும். வெறும் வயிறும் கூடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்தில் வெறும் தண்ணீர். காபியோடு பிடித்தால் எது காபி, எது சுருட்டு என்று தெரியாது. நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு. அதற்கு மேல் அவசரப்பட்டால் சுருட்டு சூடேறிக் கசக்கும்.

மதுரோவைப் பற்ற வைக்குமுன் முகர்ந்தேன். கருப்பட்டி நிறம், மேலே எண்ணெய் மினுமினுப்பு, நரம்புகள் கொஞ்சம் புடைத்திருக்கின்றன. மேலிலையில் வைக்கோல் வாசனையும், வெயிலில் உலர்த்திய பழைய புளியின் வாசனையும். நுனியைக் கத்தரித்துவிட்டு, பற்றவைக்காமல் ஓர் இழுப்பு. கோகோ. சந்தேகமே இல்லை. சர்க்கரை போடாத கோகோ.

பற்றவைத்ததும் முதல் நாலைந்து இழுப்பில் மிளகு. ரசத்து மிளகு போல, தொண்டையில் தட்டிவிட்டுப் போய்விடுகிற ரகம். பிறகு அது பின்வாங்கி, கோகோ முன்னே வருகிறது. கூடவே மணலில் வறுத்த வேர்க்கடலையின் தோல் வாசனை. புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியே விட்டால்தான் பாதி விஷயம் தெரியும். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஜலதோஷம் பிடித்த அன்று சாம்பார் சப்பென்று இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகுதிதான் இந்தச் சுருட்டின் கச்சேரி. கோகோ கொஞ்சம் கொஞ்சமாகக் காபியாகிறது. பில்டர் காபி அல்ல, இரண்டாம் தடவை வறுத்து அடிபிடிக்கும் முன் இறக்கிய கொட்டை. அடிநாக்கில் ஓர் இனிப்பு. இது சர்க்கரையே இல்லை. பக்குவப்பட்ட சுருட்டுப் புகையிலையில் சர்க்கரை ஏறக்குறைய மிச்சமிருப்பதில்லை. ஆனாலும் கருப்பட்டிக் காபி குடித்து முடித்து ஐந்து நிமிஷம் கழித்து வாயில் நிற்குமே, அந்த நிழல் இனிப்பு நிற்கிறது. வாயை உலர்த்தவில்லை. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில்தான் அதிகம் ருசிக்கிறது. இதை நான் பெரிய பாராட்டாகச் சொல்கிறேன்.

சாம்பல் வெளுப்பாக, ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. 'வெள்ளைச் சாம்பல்னா உசத்தி' என்பார்கள். அதையும் நம்ப வேண்டாம். நிறம் பெரும்பாலும் மண்ணில் உள்ள மக்னீஷியம் போன்ற தாதுக்களின் வேலை. ஹோம்ஸுக்குச் சாம்பலால் ஊரைச் சொல்ல முடியும். ருசியைச் சொல்ல முடியாது.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் எல்லாச் சுருட்டும் தன் வயதைக் காட்டும். இதிலும் காபி கறுத்து, கசப்பு எட்டிப் பார்க்கிறது. பலம் ஏறுகிறது. கை விரலைச் சுடும்வரை பிடிப்பது வீரம் அல்ல. ஒன்றரை அங்குலம் மிச்சமிருக்கும்போது கிண்ணத்தில் வைத்துவிட்டேன். தேய்த்து அணைக்கக் கூடாது, தானாக அணையட்டும். தேய்த்தால் வீடு முழுக்க நாறும். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிஷம்.

நேச்சுரல்? சும்மா சொல்லக்கூடாது, அது வேறு பிறவி. மிளகு கடைசி வரை பின்னால் நிற்கிறது. மரப்பட்டை, முந்திரி, கொஞ்சம் பட்டை, நடுவில் பெயர் தெரியாத ஒரு புளிப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முகம் மாறுகிறது. காரத்தில் என் தலைக்கு இதுதான் ஒரு படி மேலே தெரிந்தது. வெளுத்தது சாது, கறுத்தது முரடு என்று நினைத்தவர்கள் கவனிக்கவும். மதுரோ எல்லா முனைகளையும் உருட்டி மழுக்கிவிடுகிறது. அதுவே அதன் குணம், அதுவே அதன் குறை. ஆழம் அதிகம், அகலம் கம்மி. ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் விஸ்தாரமாகப் பாடுகிறவர் மாதிரி. ராகம் பிடித்தவருக்கு சொர்க்கம். துக்கடாவுக்காகக் காத்திருப்பவர் நெளிவார்.

இதுவரை இந்தச் சுருட்டின் கதையை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் கதையைத்தான் ருசி பார்த்திருப்பீர்கள். இப்போது சொல்கிறேன்.

1960-ல் க்யூபாவில் காஸ்ட்ரோ அரசு சுருட்டுக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. 1962 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி க்யூபாவோடு வியாபாரத்துக்குத் தடை போட்டார். கையெழுத்திடும் முன் தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரிடம் சுமார் ஆயிரம் க்யூபச் சுருட்டுகளைத் தனக்காக வாங்கி வரச் சொன்னார், கிடைத்தது 1,200 என்று சாலிஞ்சரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தடை செய்த பொருளுக்கு எப்போதும் ருசி கூடும். என் நண்பரின் 'தான்' பிறந்த இடம் இதுதான்.

தடைக்கு முந்தைய வருஷம் க்யூபாவை விட்டுக் கிளம்பியவர்களில் ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் ஒருவர். புகையிலை விவசாயக் குடும்பம், நிலம் அரசுடைமை ஆகிவிட்டது. மயாமியில் அகதிகளுக்கு மாதம் 60 டாலர் உதவித்தொகை. சும்மா இருந்து வாங்கக் கூச்சப்பட்ட மனிதருக்கு ஒரு நண்பர் சின்னச் சுத்தியல் ஒன்று கொடுத்தார். அதை வைத்துத் தச்சு வேலை பார்த்து, 600 டாலர் சேர்த்து, 1964 செப்டம்பரில் ஒரே ஒரு சுருட்டுத் தொழிலாளியோடு கடை போட்டார். பெயரில் உள்ள 1964 அதுதான். நல்ல இலை தேடி நிகராகுவா போனார். அங்கே எரிமலை மண். 1970-ல் எஸ்தெலி ஊரில் தொழிற்சாலை. 1978-ல் உள்நாட்டுக் கலகத்தில் அது எரிந்தது. பக்கத்து நாடான ஹோண்டுராஸில் மறுபடி ஆரம்பித்தார்.

அதே 1978-ல்தான் பெரிய சோதனை. க்யூபச் சிறையில் இருந்த அரசியல் கைதிகளை விடுவிக்கச் சொல்லிப் பேச, வெளிநாடுவாழ் க்யூபர்களின் குழு ஒன்று ஹவானா போனது. பத்ரோனும் போனார். பேச்சின் பலனாக 3,000-க்கும் மேற்பட்ட கைதிகள் விடுதலை ஆனார்கள். ஆனால் பேப்பரில் வந்த படம், பத்ரோன் காஸ்ட்ரோவுக்குத் தன் சுருட்டைக் கொடுக்கும் படம். மயாமியில் சொந்த ஜனங்களே கொதித்துப்போனார்கள். 'எதிரிக்குச் சுருட்டு கொடுக்கிறாயா?' அடுத்த சில வருஷங்களில் அவருடைய இடத்தில் நான்கு முறை குண்டு வெடித்தது. ஓர் ஊரில் புரட்சிக்காரர்கள் எரித்தார்கள், இன்னோர் ஊரில் புரட்சிக்கு எதிரானவர்கள் குண்டு வைத்தார்கள். 1985-ல் அமெரிக்கா நிகராகுவாவுக்கும் தடை போட்டது. அது விலகியது 1990-ல்தான்.

1994-ல், கடைக்கு முப்பது வயது ஆனபோது, இந்த 1964 ஆனிவர்சரி வந்தது. இதில் சேரும் இலையைக் குறைந்தது நாலு வருஷம் வைத்திருந்துதான் சுற்றுகிறார்கள். நாலு வருஷ இலையைக் கிடங்கில் வைப்பது என்றால், நாலு வருஷப் பணத்தைப் படுக்கப்போடுவது. தீயும் குண்டும் தடையும் பார்த்த ஒரு மனிதர் செய்கிற காரியமா இது? கையில் வந்ததை உடனே காசாக்கத்தானே தோன்றும்? அவர் காத்திருந்தார். நாக்கில் நான் சொன்ன அந்த உருண்டை, அந்த உலராத இனிப்பு, இந்தக் காத்திருப்பிலிருந்து வருவதுதான். கதைக்காக நான் ஒரு மார்க்கும் சேர்க்கவில்லை. ருசியின் காரணம் கதையில் இருக்கிறது, அவ்வளவே. பத்ரோன் 2017 டிசம்பரில் 91-வது வயதில் காலமானார்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். க்யூபச் சுருட்டு என்று நாம் மயங்குவது மூன்று விஷயங்களின் கூட்டு. மண், விதை, கை. மண் அங்கேயே இருக்கிறது. விதையும் கைப்பழக்கமும் 1960-களில் கப்பலேறி வெளியே வந்துவிட்டன. எஸ்தெலியில் இன்று ஒருவர் உள்ளிலையைக் கட்டாகப் பிடித்துக்கொடுக்க, பக்கத்தில் அநேகமாக ஒரு பெண் மேலிலையைச் சுற்றி முடிக்கிறார். ஜோடி ஜோடியாக வேலை. அமெரிக்காவுக்கு இன்று அதிகமாகக் கைச்சுருட்டு அனுப்பும் நாடு நிகராகுவாதான். இந்த இடத்தில் 'தான்' சரி.

மண்ணை மறுக்கவில்லை. நல்ல க்யூபச் சுருட்டில், முதல் பாதியில், பூவுக்கும் ஈரமண்ணுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வாசனை வரும். பத்ரோனில் அது இல்லை. தேடவும் வேண்டாம். வங்கனபள்ளியிடம் போய் ஏன் நீ மல்கோவா இல்லை என்று கேட்போமா? ஆனால் பேருக்காகவே விலை கொடுக்கும் நாள் வந்துவிட்டது. 2022-ல் க்யூபாவின் உயர்ரகச் சுருட்டுகளின் விலையை உலகெங்கும் எக்கச்சக்கமாக ஏற்றினார்கள். அப்படி வாங்குகிறவர் பிடிப்பது இலையையா, மோதிரத்தையா? சுருட்டின் இடுப்பில் இருக்கும் காகிதப் பட்டைக்கு மோதிரம் என்று பெயர் சொன்னால் பொருந்தும். நாக்கில் படாத பாகம் அது ஒன்றுதான்.

தீர்ப்பு. மதுரோவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, நேச்சுரலுக்குத் தொண்ணூற்று மூன்று. அந்த ஒரு மார்க், ஆழத்தைவிட அகலத்தை விரும்பும் என் சுபாவத்துக்கு. உங்கள் கணக்கு மாறலாம். விலை குறையே இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலேயே ஒன்று பதினைந்து டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்கு நம்மூரில் ஒரு குடும்பம் ஹோட்டலில் வயிறாரச் சாப்பிடலாம். ஒரு மணி நேரத்தில் சாம்பலாகப் போகிற பொருளுக்கு இது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போலிகளும் உலவுகின்றன. அதற்காகவே ஒவ்வொரு சுருட்டிலும் இரண்டாவது மோதிரத்தில் தனி எண் அச்சிட்டிருப்பார்கள். வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை யாராவது காபித்தூளோ, புடவையோ, மாம்பழமோ கொடுத்து, 'இது அந்த ஊர் இல்லீங்க' என்று மன்னிப்புக் கேட்டால், ஊரைக் கேட்காதீர்கள். முதலில் ருசி பாருங்கள், தொட்டுப் பாருங்கள். ஊரைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.